பேட்டரி வண்டி விழிதியூர் போய்த் திரும்புமா?

1. முதல் நாள்

லாரியிலிருந்து முதல் வண்டியை இறக்கியதும் நான் குனிந்து சைலென்சரைத் தேடினேன். இல்லை. கிக்கரைத் தேடினேன், அதுவும் இல்லை. பதினான்கு வருஷம் பெட்ரோல் வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவன், ஒரு வண்டியின் முன்னால் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நின்றது அன்றுதான்.

என் பெயர் லூர்துசாமி. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டூவீலர் கடையில் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி காதர் பாய். சென்னைக்குப் போன இடத்தில் யாரோ ஓட்டிக் காட்டிய பேட்டரி ஸ்கூட்டர் அவருக்குப் பிடித்துப்போக, ஏஜென்சி எடுத்துவிட்டு வந்தார். கீழவாஞ்சூரில் தனியார் துறைமுகம் வந்து, நிலக்கரி லாரிகள் ஓட ஆரம்பித்திருந்த சமயம். புதிதாக ஏதாவது செய்து பார்க்கலாம் என்று ஊரில் எல்லோருக்கும் தோன்றிய காலம்.

சாவியைப் போட்டுத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. சாவி பிடிக்கவில்லை என்று நினைத்து, பக்கத்தில் நின்றபடியே ஆக்சிலேட்டரை முறுக்கினேன். வண்டி என் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, கடை வாசலில் இருந்த போர்டில் இடித்து விழுந்தது. முன் மட்கார்டு உடைந்தது. அந்த வண்டிக்கு நான் பார்த்த முதல் ரிப்பேர், நானே உண்டாக்கியது.

"உசுரு இருக்கா இல்லையான்னே தெரியலையே பாய்," என்றேன்.

காதர் பாய் போர்டை நிமிர்த்தி வைத்தார். "இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல. இனிமே ஏறி உக்காந்துட்டு முறுக்குங்க லூர்து."

கம்பெனியிலிருந்து ஓர் ஆள் இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுத்தார். சீட்டுக்கு அடியில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி நான்கு. வரிசையாகக் கோர்த்தால் நாற்பத்தெட்டு வோல்ட். பின் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டார். இரண்டுக்கும் நடுவில் கன்ட்ரோலர் என்று ஓர் அலுமினியப் பெட்டி. ஆயில் இல்லை, பிளக் இல்லை, கார்புரேட்டர் இல்லை. வேகம் இருபத்தைந்துக்கு மேல் போகாது. அதனால் லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம்.

"அப்ப சர்வீஸ்ல என்னதாங்க பாக்குறது?" என்று கேட்டேன்.

"பிரேக் ஷூ, டயரு. வேற ஒண்ணும் இல்ல. ஒரு தடவ சார்ஜ் போட்டா எழுவது கிலோமீட்டர் போவும். கஸ்டமர் உங்க பக்கமே வர மாட்டாங்க."

பெருமையாகத்தான் சொன்னார். எனக்கோ இரண்டு விதமாக இருந்தது. எல்லா வண்டியும் இப்படி மாறிவிட்டால் என் பிழைப்பு என்ன என்று ஒரு பயம். இதற்குள்ளே என்னதான் இருக்கிறது என்று ஓர் ஆசை. ஆசைதான் ஜெயித்தது.

2. எழுபதா, நாற்பதா

எழுபது என்ற எண்ணை நான் நம்பவில்லை. பெட்ரோல் வண்டியிலும் கம்பெனி சொல்லும் மைலேஜை யாரும் நம்புவதில்லை. ஆனால் பெட்ரோல் தீர்ந்தால் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம். இது தீர்ந்தால் எண்பது கிலோ இரும்பைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். ஆகையால் சரியான எண் தெரிந்தாக வேண்டும்.

பாயிடம் ஒரு வாரம் டெமோ வண்டியைக் கேட்டு வாங்கினேன். காலையில் முழு சார்ஜோடு கிளம்பி, கடையிலிருந்து வரிச்சிக்குடி போவேன், திரும்புவேன், மறுபடி போவேன். வண்டி நிற்கும்வரை இதே வேலை. வரிச்சிக்குடி வயல்களில் நடவு நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவை நான் சத்தமில்லாமல் கடந்துபோனபோது, வரப்பில் நின்ற ஒருவர் கூப்பிட்டு, "ஏதாவது தொலஞ்சு போச்சாங்க?" என்று கேட்டார். சார்ஜ் குறைந்து வண்டி ஊர்ந்த நேரத்தில், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பெண்கள் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் தனியாகப் போனால் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் வந்தது. என் மனைவி ஸ்டெல்லாவைப் பின்னால் உட்கார வைத்துப் போனால் முப்பத்தொன்பது. டயரில் காற்று குறைந்தால் இன்னும் நான்கு குறைந்தது. எழுபது எங்கேயும் வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஐம்பது கிலோ ஆள், சமமான ரோடு, எதிர்க்காற்று இல்லை, நடுவில் நிற்கக் கூடாது என்றார்கள். அப்படி ஓர் ஆளை, அப்படி ஒரு ரோட்டை நான் காரைக்காலில் பார்த்ததில்லை.

கடையில் ஓர் அட்டையில் 'நம்ம ஊரில் நாற்பது' என்று எழுதி வண்டியில் மாட்டினேன். பாய் அதைக் கழற்றவில்லை. ஆனால் முகம் சுருங்கியது.

"ஏற்கெனவே நாகப்பட்டினத்துலேருந்தும் பொறையாத்துலேருந்தும் இங்க வந்துதான் ஜனங்க பெட்ரோல் போட்டுட்டுப் போவுது. நம்ம ஊருல வெல கம்மி. இந்த ஊருல பெட்ரோல் வேணாம்னு சொல்லி வண்டி விக்கிறதே பெரும்பாடு. இதுல நீங்க வேற நாப்பதுன்னு எழுதுறீங்க."

"நாளைக்கு வந்து நம்ம சட்டையப் புடிக்க மாட்டாங்கல்ல பாய்."

அவர் கோணலாகத் தொங்கிய அட்டையை நேராக்கினார். பிறகு, "எழுத்தக் கொஞ்சம் சின்னதா எழுதியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

செலவையும் ஒரு நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஒரு முழு சார்ஜுக்கு ஒன்றரை யூனிட் கரண்ட் கூட ஆகவில்லை. எங்கள் ஊர் கரண்ட் விலைக்கு அது இரண்டு ரூபாய்க்குள்தான். அதே தூரம் பெட்ரோலில் போனால் நாற்பதுக்கு மேல். பார்த்தால் தலை சுற்றும் லாபம். ஆனால் பேட்டரி ஒன்றரை வருஷம் வந்தால் அதிகம், புது செட் எட்டாயிரத்துக்கு மேல். அதையும் கிலோமீட்டருக்குப் பிரித்துப் போட்டதும் லாபம் சுருங்கிப் போனது. பெட்ரோலைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பேட்டரியும் ஒரு வகையில் பெட்ரோல்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. மொத்தமாக முன்கூட்டியே வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளும் பெட்ரோல்.

3. சொல்தா சவரிநாதன்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்று சொல்வோம். சவரிநாதன் ஐயா அப்படி ஒருவர். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கோயிலில் என்னைப் பார்த்துப் பழக்கம். முழங்கால் வலியால் கிக்கரை உதைக்க முடியவில்லை என்று பழைய ஸ்கூட்டரை விற்றிருந்தார்.

அவரைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்த வண்டி யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்த மனிதரே வந்துவிட்டார். ஒல்லியான உடம்பு. வீட்டிலிருந்து கோயிலுக்கு, வங்கிக்கு, கடைத்தெருவுக்கு. நாளைக்கு மூன்று கிலோமீட்டர். வீட்டிலேயே ஷெட், ஷெட்டுக்குள் பிளக். நான் கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் நல்ல பதில்.

"இதுல என்னப்பா கெட்டுப்போவும்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் கெடாதுங்க ஐயா. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்," என்றேன்.

வாங்கினார். சாவியைக் கொடுத்தபோது "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி என் கையைக் குலுக்கினார். வீடுவரைக்கும் கூடவே சைக்கிளில் போய், பிளக் பாயின்ட்டைப் பார்த்து, சார்ஜர் எங்கே வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுமாதிரி ஐம்பது பேர் கிடைத்தால் போதும் என்று பாயிடம் சொன்னேன்.

4. அஞ்சலை கேட்ட கேள்வி

அஞ்சலை கிளிஞ்சல்மேட்டு மீன்காரம்மா. வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் வீடு. கரையில் மீன் எடுத்து, வரிச்சிக்குடியிலும் அதன் பிறகு விழிதியூரிலும் தெருத்தெருவாக விற்பார். வரிச்சிக்குடி டவுனுக்கு வடக்கே, விழிதியூர் தென்மேற்கே, ஆற்றைத் தாண்டி. பஸ்ஸில் மீன் கூடையை ஏற்ற மாட்டார்கள். நான்கு பெண்களாகச் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தார்கள். துறைமுகம் வந்ததும் ஆட்டோக்காரர் வண்டியை விற்றுவிட்டு அங்கே வேலைக்குப் போய்விட்டார். மூன்று வாரமாக அஞ்சலைக்கு வியாபாரம் பாதிதான். விழிதியூர் வாடிக்கையை வேறு ஓர் ஆள் பைக்கில் வந்து பிடிக்க ஆரம்பித்திருந்தார்.

இதையெல்லாம் கடை வாசலில் நின்றபடியே சொன்னார். பிறகு கேட்டார்: "இதுக்கு லைசென்ஸ் கேக்க மாட்டாங்களாமே, மெய்தானா?"

"கேக்க மாட்டாங்க," என்றார் காதர் பாய்.

"மீனு ஏத்தலாமா?"

பாய் என்னைப் பார்த்தார். அவருக்கு விற்க ஆசை. அந்த மாசம் ஒரு வண்டிகூடப் போகவில்லை.

"வேணாங்கா," என்றேன் நான். "எழுவத்தஞ்சு கிலோதான் தாங்கும். நீங்க ஒரு அம்பது கிலோ. மீனும் ஐசுமா நாப்பது வரும். மோட்டார் காஞ்சிடும்."

"காஞ்சதப் பாத்தியா தம்பி?"

"பாக்கல. கம்பெனி புக்குல போட்டுருக்கு."

"எழுவது கிலோமீட்டர் போவும்னுகூடத்தான் அந்த புக்குல போட்டுருக்காம். நீதான் நாப்பதுன்னு எழுதி மாட்டியிருக்கியாம். ஒண்ணு பொய்யின்னா இன்னொண்ண மட்டும் ஏன் நம்புற?"

பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தார். ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்டு அந்த எழுபத்தைந்தைத் தாண்டிப் போனபோதும் தூரத்தைத்தான் அளந்தேன், மோட்டார் சூட்டை அளக்கவில்லை. அந்த அம்மா நஷ்டப்படக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் வேண்டாம் என்றேன். ஆனால் எதைத் தெரிந்துகொண்டு சொன்னேன்?

"மீனோட ஒரு நா போயி பாத்துடுவோமா?" என்று கேட்டேன்.

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றார்.

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் என்பதால் வண்டியை மூன்றே நாளில் பழகிக்கொண்டார். நான் பின்னால் ஓர் இரும்புக் கேரியரை வைத்துக் கட்டினேன். ஐஸ் பெட்டி கேரியரில். மீன் குண்டான் கால் வைக்கிற இடத்தில். பாரம் கீழே இருந்தால் வண்டி ஆடாது.

5. அரசலாற்றுப் பாலம்

அன்று காலையில் கரையில் சங்கராவும் மத்தியும் வந்திருந்தன. எடை போட்டுப் பார்த்தோம். மீன், ஐஸ், தராசு, அரிவாள்மனை எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டு கிலோ. அஞ்சலை முன்னால் போக, நான் என் பைக்கில் பின்னால் போனேன். கையில் ஒரு வோல்ட் மீட்டர்.

அவர் நிற்கும் இடமெல்லாம் இறங்கி, பின் சக்கரத்துக் குடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடு இருந்தது. ஆனால் கை பொறுக்கிற சூடு. அவர் மீனை நிறுத்துக் கொடுக்கிற நேரத்தில் அதுவும் ஆறியது. நான் பயந்தது போல மோட்டார் காயவில்லை. வேறு ஒன்றைக் கவனித்தேன். நின்று நின்று கிளம்பும்போதுதான் கரண்ட் அதிகம் குடிக்கிறது. வரிச்சிக்குடியில் மட்டும் முப்பது இடத்தில் நின்றார்.

அங்கே பாதி மீன் போய்விட்டது. டவுனைத் தாண்டி விழிதியூர் ரோட்டில் திரும்பியதும் வண்டி இன்னும் மெதுவாகப் போனது. பாரம் குறைந்த பிறகு ஏன் இழுக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் போய், "முழுசா முறுக்குறீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"முறுக்கிட்டுதான் இருக்கேன். கச்சான் காத்துல்ல அடிக்கிது. மேக்க போனா மூஞ்சில அறையாதா?"

பெட்ரோல் வண்டியில் பதினான்கு வருஷம் அந்த ரோட்டில் போயிருக்கிறேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அஞ்சலை, காற்றைப் பார்த்துத் தொழில் செய்கிற குடும்பத்துக்காரர்.

"மத்தியானத்துக்கு மேல கடக்காத்து கெளம்பிடும். திரும்புறப்ப அதுவும் எதுத்தாப்புல வரும்," என்றார்.

அப்படியே நடந்தது. விழிதியூரில் ராணி என்கிற தையல்காரம்மா வீட்டு நிழலில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் மீன் அரிந்து கொடுத்துவிட்டுக் கிளம்ப மத்தியானம் ஒன்றரை மணி ஆகிவிட்டது. எதிரே கடல்காற்று. நிரவியைத் தாண்டும்போது மீட்டரில் முள் சிவப்புக்கு வந்தது. அரசலாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் பாதி ஏறி வண்டி நின்றது. முப்பத்தொரு கிலோமீட்டர். கிளிஞ்சல்மேட்டுக்கு இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் இருந்தது.

வெயிலில் பாலத்தின் ஓரமாக நிறுத்தினோம். பின்னால் வந்த பஸ் ஹாரனை அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. சொன்னது சரியாகிப் போச்சே என்று எனக்குள்ளே ஒரு சின்ன திருப்தி வந்தது உண்மை. அஞ்சலையின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. அவருக்கு இது பரீட்சை இல்லை. மூன்று வாரமாகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த வாடிக்கை.

"செத்துப்போச்சா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. களைச்சிப்போச்சு. பத்து நிமிஷம் சும்மா விட்டா கொஞ்சம் ஏறும்."

"சோறு தண்ணி இல்லாமயா?"

"ஆமா. பேட்டரி அப்படித்தான்."

வோல்ட் மீட்டரை வைத்துக் காட்டினேன். நாற்பத்து மூன்றிலிருந்து முள் மெல்ல மெல்ல நாற்பத்தாறுக்கு வந்தது. அஞ்சலை குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் வரும்? பாதியில் போட்டால் பேட்டரி கெடுமா? வீட்டில் இருக்கிற சின்ன பிளக்கில் போடலாமா, பெரிய பிளக் வேண்டுமா?

"சாதா பிளக்கே போதும். ஒரு மணி நேரத்துக்கு அஞ்சாறு கிலோமீட்டர் வரும். கெடாது."

"ராணி வூட்டுல நான் ஒண்ணர மணி நேரம் குந்தி மீன் அரியிறேன். அந்த நேரத்துல இது சும்மாதான நிக்கிது?"

"கரண்டுக் காசு ராணிக்கில்ல ஏறும்?" என்றேன்.

"தெனமும் அவளுக்கு நாலு மீனு குடுத்தா போச்சு. அத வுடு. கருக்கல்லயே கெளம்பி, கடக்காத்து எழும்புறதுக்குள்ள திரும்பிட்டா?"

பத்து நிமிஷம் கழித்து சாவியைப் போட்டோம். வண்டி கிளம்பியது. நான் ஒரு கையால் பின்னால் தள்ளிக்கொடுக்க, ஏற்றத்தைத் தாண்டி கடைக்கு வந்து சேர்ந்தது. அங்கே சார்ஜ் போட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் நான் இல்லாமல் தனியாகப் போனார். ராணி வீட்டில் சார்ஜ் போட்டு, பதினொன்றரைக்கெல்லாம் கடை வாசலில் வந்து நின்றார். மீட்டர் முள் சிவப்புக்கு மேலேதான் இருந்தது. அந்த வாரமே வண்டியை வாங்கினார். விழிதியூர் வாடிக்கையும் திரும்ப வந்தது.

6. ஐந்து மாதம் நின்ற வண்டி

ஒரு வருஷம் போல ஆகியிருக்கும். சவரிநாதன் ஐயா ஓர் ஆட்டோவில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் இறக்கினார். பிரான்சில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு, முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்.

"ஒரு பொட்டு தூசி விழாம துணி போட்டு மூடி வச்சிட்டுப் போனேன். ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டல. சாவியப் போட்டா ஒண்ணுமில்ல. கெடாதுன்னு சொன்னது யாரு?"

கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். புது வண்டி பார்க்க வந்த ஒரு தம்பதி மெதுவாக வெளியே நகர்ந்தார்கள். பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சீட்டைத் தூக்கி அளந்தேன். ஒவ்வொரு பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டவேண்டும். மூன்று காட்டியது ஆறு, ஏழு. ஒன்று நான்கு. ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் பாதி சார்ஜில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சும்மா நின்றாலும் மீதி சார்ஜ் தானாக இறங்கிவிடும். ஈய பேட்டரியைக் காலியாக வைத்திருந்தால் உள்ளே தகட்டில் உப்புப் படிந்துவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. இது எனக்குத் தெரியாததல்ல. பெட்ரோல் வண்டியில் பேட்டரி செத்தால் கிக்கரை உதைத்துக்கொள்ளலாம். அதனால் அதை ஒரு விஷயமாகவே நான் நினைத்ததில்லை. எவ்வளவு தூரம் போவீர்கள் என்று கேட்டேனே தவிர, எத்தனை நாள் போகாமல் இருப்பீர்கள் என்று கேட்கவில்லை. சொல்தா வீட்டுக்காரர்கள் வருஷத்தில் பாதி பிரான்சில் இருப்பார்கள் என்பது ஊருக்கே தெரிந்த செய்தி.

அதே நேரத்தில் அஞ்சலை பிரேக் ஷூ மாற்ற வந்து நின்றிருந்தார். வண்டியில் மீன் செதில் ஒட்டிக்கிடந்தது. மட்கார்டு துருப்பிடித்திருந்தது. சவரிநாதன் ஐயா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுல என்ன பேட்டரி போட்டிருக்கே?"

"வாங்குனப்ப இருந்ததுதாங்க ஐயா."

"மாத்தவே இல்லையா? இந்தப் பாரத்தோடயா?"

"தெனம் ஓடுது, தெனம் சார்ஜ் போடுறேன். சும்மா கெடந்தா கெடாம இருக்கும்னு நெனச்சிட்டீங்களா? மரப் படகக் கரையில ஏத்தி வச்சா வெடிச்சிப்போவும். தண்ணியில கெடந்தாத்தான் அது படகு."

நான் எழுந்து அவர் பக்கத்தில் போனேன். "ஐயா, வண்டி மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ சார்ஜ் போடணும்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

கம்பெனி வாரண்டி தர மறுத்தது. நான் நான்கையும் கழற்றி ஒரு வாரம் மிகக் குறைந்த கரண்டில் மெல்ல மெல்ல ஏற்றிப் பார்த்தேன். இரண்டு பிழைத்தன, இரண்டு பிழைக்கவில்லை. புதியதையும் பழையதையும் கலந்து போட்டால் பழையது புதியதையும் கெடுக்கும். அதையும் மறைக்காமல் சொன்னேன். பாய் வாங்கின விலைக்கே புது செட் கொடுத்தார். பணத்தைக் கட்டிய ஐயா அன்று மெர்சி சொல்லவில்லை.

ஆனால் அடுத்த வருஷம் பிரான்சுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கடைக்கு வந்து சாவியை என் மேஜையில் வைத்தார். "ஞாயித்துக்கெழம பூசைக்கு இதுலயே போ. வந்து சார்ஜ் போட்டுட்டு ஷெட்ட பூட்டு." அவர் வரும்வரை இருபத்திரண்டு ஞாயிறு நானும் ஸ்டெல்லாவும் அந்த வண்டியில்தான் கோயிலுக்குப் போனோம்.

7. பிறகு நடந்தது

நாங்கள் மொத்தம் முப்பது வண்டிகூட விற்கவில்லை. கம்பெனி மெல்ல ஸ்பேர் அனுப்புவதை நிறுத்தியது. பிறகு போனையும் எடுக்கவில்லை. பாய் ஏஜென்சியை விட்டுவிட்டார். இருந்த வண்டிகளை நான் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை இரண்டாவது செட் பேட்டரி போட்டும் ஓட்டினார். அந்தக் கணக்கை அவரிடமே கேட்டேன். அதே காலத்தில் ஆட்டோவுக்குக் கொடுத்திருக்கக்கூடிய பணத்தில் மூன்று செட் வாங்கியிருக்கலாம் என்றார். ஒரு ஐப்பசி மழையில் தெருவில் தேங்கிய தண்ணீரில் வண்டியை இறக்க, கன்ட்ரோலருக்குள் தண்ணீர் போய் எரிந்துவிட்டது. எங்கெங்கோ கேட்டேன், கிடைக்கவில்லை. கண்ணைப் பார்த்து, "முடியாதுக்கா," என்று சொல்லவேண்டியிருந்தது. அது எனக்குக் கஷ்டமான நாள்.

அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. லைசென்ஸ் எடுக்க விண்ணப்பம் போட்டார். மீன் பாரத்தோடு இரண்டு வருஷத்துக்கு மேல் சந்துகளில் ஓட்டின கைக்கு எட்டு போடுவது ஒரு வேலையே இல்லை. பெட்ரோல் ஸ்கூட்டர் வாங்கி, விழிதியூரையும் தாண்டி இன்னும் இரண்டு ஊர் சேர்த்துக்கொண்டார். "அது இல்லன்னா நான் வண்டியில ஏறியே இருக்க மாட்டேன் தம்பி," என்று பின்னொரு நாள் சொன்னார். அவ்வளவுதான் அந்த வண்டியைப் பற்றி அவர் சொன்னது.

இப்போது வேகமான பேட்டரி வண்டிகள் வந்துவிட்டன. எனக்குக் கொஞ்சம் பெயர் இருப்பதால் வாங்கலாமா என்று கேட்டு ஆட்கள் வருகிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. தினம் எவ்வளவு தூரம், யாரை அல்லது எதை ஏற்றிக்கொண்டு, பிளக் எங்கே இருக்கிறது, வருஷத்தில் எத்தனை நாள் வண்டி சும்மா நிற்கும், ஸ்பேர் வைத்திருக்கிற கடை பக்கத்தில் உண்டா என்று கேட்பேன்.

போன மாசம் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. "வண்டியப் பத்திச் சொல்லுங்கன்னு வந்தா, என்னையப் பத்தியே கேட்டுக்கிட்டு இருக்கீங்களே," என்றார்.

"அத மொதல்லயே கேக்காம நான் ஒருத்தருக்கு வித்தேங்க. கேக்காமயே இன்னொருத்தருக்கு விக்க மாட்டேன்னேன். ரெண்டுலயும் தப்பாப்போச்சு," என்று சொல்லி, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.